சடையாண்டி தரவேண்டிய புழுக்கை

முதலில் வாக்குத் தவறியது செம்மறிக்கிடா சடையாண்டிதான். பெருச்சாளி மூக்கையன் இதைக் குளத்தங்கரையில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் சொல்லிவிட்டது. ஆள் கிடைக்காத நேரத்தில் தவளையைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னது. தவளை தண்ணீருக்குள் குதித்த பிறகும், குமிழி வந்த இடத்தைப் பார்த்து மீதியைச் சொல்லி முடித்தது.

குளத்துக்கு மேற்கே, காட்டு ஓரத்தில் மூக்கையனுக்கு ஒரு சோளக்கொல்லை இருந்தது. வருஷாவருஷம் அறுப்பு முடிந்ததும் சடையாண்டி தன் மந்தையோடு வரும். பகலெல்லாம் கொல்லையில் நிற்கும் சோளத்தாளை மேயும். பொழுது சாய்ந்ததும் அங்கேயே படுக்கும். இதற்குக் கிடை போடுவது என்று பெயர். மேய்ச்சல் மந்தைக்கு, புழுக்கை மண்ணுக்கு. அப்பன் பாட்டன் காலத்து ஒப்பந்தம்.

அந்த வருஷமும் மந்தை வந்தது. மேய்ந்தது. பொழுது சாய்ந்தது. சடையாண்டி கொம்பை ஆட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டியது. அத்தனை ஆடுகளும் பின்னாலேயே போய், காட்டுப்பன்றி நல்லகருப்பனின் கொல்லையில் படுத்துக்கொண்டன!

காலையில் மூக்கையன் வரப்பின்மேல் ஏறி நின்று கத்தியது.

"டேய் சடை! என் கொல்லையில தின்னியா இல்லையா?"

"தின்னேண்ணே."

"தின்னதுக்குப் போட்டியா?"

"போட்டேனே! வேலி ஓரமாப் பாருங்க, நாலு புழுக்கை கிடக்கும்."

"மந்தைக்கே நாலா?"

"தின்ன அளவுக்குத்தானேண்ணே போட முடியும்! தாளை ஒட்ட அறுத்துச் சந்தையில வித்துட்டீங்க. நாங்க மேய்ஞ்சது பாதி புல்லு, பாதி புழுதி!"

அது உண்மைதான். அந்த வருஷமும் குளத்தங்கரைச் சந்தையில் எருமைகள் தீனிக்கு அலைந்தன. மாற்றாக நல்ல கிழங்கு கொடுத்தன. மூக்கையன் கதிரையும் விற்றது, தட்டையையும் விற்றது. உதிர்ந்த சருகைக்கூட விடாமல் கூட்டி, முயலுக்குப் படுக்கை விரிக்கக் கொடுத்துவிட்டது. நாலைந்து வருஷமாக இதே கதைதான். வாங்கிய கிழங்கெல்லாம் வளையில் பத்திரமாக இருந்தது. ஆனால் இப்போது கிழங்கைப் பற்றி யார் கேட்டார்கள்? பேச்சு புழுக்கையைப் பற்றியல்லவா!

"தின்னது எவ்வளவா இருந்தா என்ன? படுக்க வேண்டியது என் கொல்லையிலடா!"

"படுத்துப் பாத்தோம்ண்ணே. விலா எலும்பு நோகுது. மண்ணா அது? பாறை! நல்லகருப்பன் மாமா கொல்லை மெத்தை மாதிரி இருக்கு."

நல்லகருப்பன் தன் சேற்றுக்குழியிலிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டியது.

"நான் யாரையும் கூப்பிடலப்பா. கடலைக்கொடியை அப்படியே போட்டு வச்சேன். மண்ணைக் கிளறி விட்டேன். வந்தாங்க, படுத்தாங்க. படுத்தவங்களை எந்திரிங்கன்னு சொல்ல முடியுமா?"

மூக்கையனுக்கு மீசை துடித்தது. விதைப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. போன தடவையே கதிர் சிறுத்துப் போயிருந்தது. இந்தத் தடவையும் எரு விழாவிட்டால் சோளம் தேறாது. சோளம் தேறாவிட்டால் அடுத்த கோடையில் வளை காலி.

"என் புழுக்கையை நானே கொண்டுவரேன் பாருங்கடா!"

நேராகச் சாணி உருட்டும் வண்டு பேச்சியம்மாளிடம் போனது.

"ஆத்தா பேச்சி! பன்னி கொல்லையில கிடக்குற புழுக்கையெல்லாம் என் கொல்லைக்கு வரணும்."

"கூலி?"

"பாதியை நீங்களே தின்னுக்கோங்க."

"நாங்க எப்பவும் முழுசாத்தான் தின்போம். இருந்தாலும் பெரியவர் கேக்குறீங்க. வரோம்."

வண்டுக்கூட்டம் இறங்கியது. தலையைத் தரையில் ஊன்றி, பின்னங்காலால் தள்ளி, பின்பக்கமாகவே உருட்டிக்கொண்டு போனது. மூக்கையன் வரப்பில் உட்கார்ந்து அதிகாரம் செய்தது.

"இந்தப் பக்கம்! ஏய், போற இடத்தைப் பாத்துப் போ!"

"முதுகுல கண்ணு இருந்தாப் பாத்திருக்க மாட்டோமா?" என்றது பேச்சியம்மாள்.

உச்சிவெயிலுக்குள் புழுக்கை முழுவதும் வரப்பைத் தாண்டி வந்துவிட்டது. மூக்கையனுக்கு ஒரே ஆனந்தம். வளைக்குள் போய் ஒரு கிழங்கைக் கடித்துக்கொண்டே கண்ணயர்ந்தது. எழுந்து வந்து பார்த்தால், வண்டுகள் புழுக்கையை மறுபடியும் நல்லகருப்பன் கொல்லைக்கே உருட்டிக்கொண்டிருந்தன!

"அடியே! எங்க போறீங்க?"

"உருட்டுனதைப் புதைக்கணும்ல? உங்க மண்ணுல கால் இறங்கல. என் மருமகளுக்கு நகம் முறிஞ்சதுதான் மிச்சம். வெயில்ல விட்டா எல்லாம் காஞ்சு பறந்துடும். அங்கன்னா தொட்டதும் குழி விழுது."

"அது என் புழுக்கை!"

"யாரு இல்லைன்னாங்க? உங்க புழுக்கைதான். அவரு மண்ணுல இருக்கட்டும்."

மூக்கையன் காலை உதைத்துக்கொண்டு நின்றது.

"பெரியவரே," என்றது பேச்சியம்மாள். "கிழங்கு வைக்க அவ்வளவு ஆழமா வளை தோண்டியிருக்கீங்க. கொல்லையில ஒரு சாண் தோண்டினா ஆகாதா?"

"புழுக்கை வந்தாத் தோண்டுவேன்!"

"தோண்டியிருந்தா வந்திருக்கும்!"

மழை பெய்தது. நல்லகருப்பன் கொல்லையில் தண்ணீர் உள்ளே இறங்கியது. மூக்கையன் கொல்லையில் விழுந்த தண்ணீரோ நிற்காமல் வழுக்கி, வரப்பை உடைத்துக்கொண்டு, நல்லகருப்பன் கொல்லைக்கே போய்ச் சேர்ந்தது.

"மழையும் அந்தப் பக்கம் சேர்ந்துக்கிச்சு!" என்ற மூக்கையன், அன்றுமுதல் வானத்தோடும் பேச்சை நிறுத்திக்கொண்டது.

சோளம் மஞ்சள் பூத்து நின்றது. கதிர் மூக்கையனின் வால் பருமன்கூட இல்லை. சந்தையில் எருமை அதை முகர்ந்து பார்த்தது.

"என்னய்யா இது, கதிரா? விளக்குமாத்துக் குச்சியா?"

கிழங்கு கிடைக்கவில்லை. வளையில் இருந்ததும் தீர்ந்துகொண்டே வந்தது.

அடுத்த அறுப்பில் மூக்கையன் தாளை முழங்கால் உயரம் விட்டு அறுத்தது. தட்டையை விற்கவில்லை. சருகைக் கூட்டவில்லை. கேட்டு வந்த முயலையும் துரத்திவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கொல்லை முழுவதையும் கிளறிப் போட்டது.

"இனி அந்தச் சடை என்ன சாக்குச் சொல்றான்னு பாக்குறேன்!"

சடையாண்டி மந்தையோடு வந்தது. வயிறார மேய்ந்தது. பொழுது சாய்ந்தபோது மூக்கையன் வரப்பை மறித்து நின்றுகொண்டது. சடையாண்டி முன்னங்காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தது. பிறகு பொத்தென்று படுத்துப் புரண்டது.

"ஆகா! சுகமா இருக்குண்ணே!"

மந்தை முழுவதும் அங்கேயே படுத்தது. விடிந்தபோது கொல்லையில் கால் வைக்க இடமில்லை. பார்த்த இடமெல்லாம் புழுக்கை! பேச்சியம்மாள் கூட்டம் கூப்பிடாமலே வந்து குழி பறித்துக்கொண்டிருந்தது.

சடையாண்டி எழுந்து உடம்பை உதறியது. "இப்ப சந்தோசமாண்ணே? நம்ம பாக்கி தீந்துச்சா?"

மூக்கையன் ஒரு புழுக்கையை எடுத்து முகர்ந்து பார்த்தது. திருப்பிப் பார்த்தது. கீழே வைத்தது.

"இது இந்த வருஷத்துது. போன வருஷத்துது எங்கடா?"

மண்ணிடம் வாங்கித் தின்றவர் எவரானாலும் அதை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும், அதில் சடையாண்டிக்கும் விலக்கு இல்லை.