நாற்காலிக் கெடு

பொள்ளாச்சியில் செல்லக்கிளி வாடகைக்கு எடுத்து நடத்திய பட்டறைக்கு, கட்டட முதலாளி மரகதவேல் தன் அப்பா ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிளோடு வந்தார். எஞ்சினுக்குள் பிஸ்டன் துருவேறி இறுகிக் கிடந்தது.

“எண்ணெய் விட்டு ஊற வைக்கோணுங்க,” என்றாள் அவள்.

மரகதவேல் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். “ஊறறதா? நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கறதுக்குள்ள பிஸ்டன் வெளிய வரோணும். இல்லீன்னா நாளைக்கே பட்டறையைக் காலி பண்ணு!”

“சரிங்க.” சிலிண்டருக்குள் எண்ணெயை ஊற்றிவிட்டு, அவர் முதுகுக்கு ஒரு தலையணை வைத்தாள். “உங்கப்பா இந்த வண்டியில உங்களை எங்கெல்லாம் கூட்டிட்டுப் போனாருங்க?”

முதலாளியின் குரல் இளகியது. ஆழியாறு, தென்னந்தோப்பு நிழல், அப்பாவின் முதுகில் சாய்ந்த கன்னம் என்று சொல்லிக்கொண்டே போனார். வெளியே சாரல் விழுந்தது. கண்கள் தாமாக மூடின. கனவில் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. இருபுறமும் தென்னைகள் மேகத்தில் மிதந்தன. இங்கே எண்ணெய் துருவுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் விழித்தபோது பட்டறையில் விளக்கு எரிந்தது. மடியில், ஒரு துணியின் மேல், பிஸ்டன் இருந்தது.

“பொழுதே போயிருச்சே! ஏன் என்னை எழுப்பல?”

“நீங்க எந்திரிச்சா கெடு முடிஞ்சிருமேங்க,” என்றாள் செல்லக்கிளி.