அடுத்தவர் வாங்கமாட்டார்

பணத்துக்கு வாய் உள்ள ஒரு நாடு இருந்தது. எல்லா நாட்டிலும் பணம் பேசத்தான் செய்கிறது. அங்கே அது கொஞ்சம் சத்தமாகவே பேசும், அவ்வளவுதான்.

ஒரு சந்தை நாளன்று, விடிந்ததும் விடியாததுமாக, கருவூலத்தில் ரூபாய்கள் எல்லாம் சபை கூடின. நாட்டில் எந்த ரூபாய் இருப்பது, எது வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்ய வேண்டும். ஐந்நூறு ரூபாய்த் தாள் தலைமை வகித்தது. தலைமை வகிப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை பழக்கமில்லை.

"முதலில் பத்து ரூபாயின் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே மதிப்புக்குத் தாள் ஒன்று, நாணயம் ஒன்று என்று இரண்டு பேர் எதற்கு? ஒருவர் போதும். யார் போகிறீர்கள்?"

பத்து ரூபாய்த் தாள் தட்டுத் தடுமாறி எழுந்தது. நடு முதுகில் செல்லோ டேப். நெற்றியில் யாரோ ஒரு போன் நம்பரை எழுதி, பிறகு அடித்திருந்தார்கள்.

"நான் போகிறேன் ஐயா. மீன் கடையில் நனைகிறேன், சட்டைப் பையில் வேர்க்கிறேன், துவைக்கிற கல்லில் அடிபடுகிறேன். நீங்கள் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாது. என் பாரத்தைச் சுமக்கத்தானே உலோகத்தில் தம்பியைச் செய்தீர்கள்? அவன் ஓடட்டும். எனக்கு ஓய்வு கொடுங்கள்."

"உன் தம்பியை ஊரில் ஒருவரும் வாங்குவதில்லையே" என்றது ஐந்நூறு.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பத்து ரூபாய் நாணயம் நிமிர்ந்து நின்றது. நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. "நான் செல்லாது என்கிறார்கள். அப்படி எந்தச் சட்டத்திலும் இல்லை" என்றது.

"செல்லும் என்று நாமும் ஊர் ஊராகச் சுவரொட்டி ஒட்டினோம்" என்று அலுத்துக்கொண்டது ஐந்நூறு. "மறுநாளே அதன் மேல் சினிமா போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்."

"எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். சந்தைக்குப் போய் வருகிறேன்."

"போ. ஆனால் வராதே. வந்தால் தொலைந்தாய்" என்றது ஐந்நூறு. "வாசலில் வெள்ளரிப் பிஞ்சு விற்கும் அம்மாவிடம் காவலாளி உன்னைக் கொடுப்பான். சந்தை கலைவதற்குள் உன்னை யாராவது வாங்கிக்கொண்டால் நீ நாட்டில் இரு. யாரும் வாங்காமல் அவள் திருப்பிக் கொண்டுவந்தால், அவளுக்குத் தாளாக மாற்றிக் கொடுத்துவிட்டு உன்னை உலையில் போடுவோம். கருவூலக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் தேவைப்படுகிறது."

"அப்படியானால் நான்?" என்று கேட்டது கிழிந்த தாள்.

"ஒட்டுப்போட்டுக்கொண்டு ஓடு."

தம்பி அண்ணனைப் பார்த்தது. "நான் திரும்பி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உருண்டு போனது.

வாசலில் வெள்ளரிப் பிஞ்சு விற்றவள் பெயர் சுடலைவடிவு. காவலாளி லூர்துசாமி நாலு பிஞ்சு வாங்கிக்கொண்டு நாணயத்தை நீட்டினார். அவள் முகம் சுருங்கியது.

"ஏன் அண்ணே, தாள் இல்லியா? இது எங்க போகும்?"

"இன்னைக்கு ஒரு நாள் கொண்டுபோ. ஆரும் வாங்கலன்னா சாயந்தரம் எங்கிட்ட குடுத்துட்டுத் தாள் வாங்கிக்க."

முணுமுணுத்துக்கொண்டே அவள் அதைச் சுருக்குப் பையில் போட்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, நான் திரும்பிப் போனால் என்னை உருக்கிவிடுவார்கள்."

"ஏ, அதுக்கு நான் என்ன செய்ய? செல்லாதுன்னா செல்லாதுதான்."

"யார் சொன்னார்கள் உங்களிடம்?"

சுடலைவடிவு யோசித்தாள். யார் சொன்னார்கள்? எல்லாரும்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு முகம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் கொஞ்சம் வீம்பு பிடித்தவள். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் சோறு இறங்காது. "சரி, வா. ஆரு வாங்க மாட்டேங்கான்னு ஒரு கை பாத்துருவோம்" என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

முதலில் சந்தை முனையில் உள்ள டீக்கடைக்குப் போனாள். குடித்த பிறகு கொடுத்தால் மறுக்க முடியாது என்பது அவள் கணக்கு. நிதானமாக ஊதி ஊதிக் குடித்து முடித்து, நாணயத்தை மேசையில் வைத்தாள். கடைக்காரர் சாகுல் அமீது பாம்பைப் பார்த்ததுபோல ஒதுங்கினார்.

"யக்கா, டீ ஓசின்னு வச்சுக்கோங்க. இதை மட்டும் குடுக்காதிய."

"ஓசி டீ குடிக்க வயிறா இது? ஏன் வாங்க மாட்டிய, அதச் சொல்லும்."

"செல்லும்னு எனக்குத் தெரியாதா? எனக்கு ஒண்ணும் இல்லக்கா. பால்காரரு வாங்க மாட்டாரு. நான் வாங்கி என்ன செய்ய?"

அவள் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். பால்காரர் கோமதிநாயகம் மொபெட்டின் இருபக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். சுடலைவடிவு வண்டியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இத வாங்கிக்கிட்டு ஒரு தாள் தாரும்."

"ஐயோ, வேண்டாம்க்கா."

"செல்லாதா?"

"செல்லும், செல்லும். கவர்மென்ட்டு காசு செல்லாம இருக்குமா? ஆனா தவிட்டுக் கடை அண்ணாச்சி வாங்க மாட்டாரு. மாட்டுக்குத் தவிடு வாங்கணும்லா. எனக்குன்னா ஆட்சேபணை இல்ல."

வண்டி போய்விட்டது. வெயில் ஏறியது. கூடையில் பிஞ்சுகள் வாடத் தொடங்கின.

"பார்த்தீர்களா அம்மா? எல்லாரும் நல்லவர்கள். எல்லாருக்கும் நான் செல்லுவேன். அடுத்தவருக்கு மட்டும்தான் செல்லமாட்டேன். அந்த அடுத்தவரை நான் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும்" என்றது நாணயம்.

"நானும் பாக்கணும்" என்றாள் சுடலைவடிவு. அவளுக்கு இப்போது உண்மையிலேயே கோபம் வந்திருந்தது.

இருக்கிற பிஞ்சுகளைச் சந்தைக்குள் விற்று முடித்துவிட்டு அவள் தவிட்டுக் கடைக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. அண்ணாச்சி பொன்னுலிங்கம் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் தவிட்டுத் தூசி. நாணயத்தைப் பார்த்ததும் அவர் குனிந்து, காலடியிலிருந்து ஒரு தகர டப்பாவை இரண்டு கையாலும் தூக்கி மேசை மேல் வைத்தார். உள்ளே விளிம்பு வரை பத்து ரூபாய் நாணயங்கள்.

"நீயுமா வந்தாய்?" என்று அவை சேர்ந்தாற்போல முனகின.

"நான் வாங்குனவன்தான் தாயி" என்றார் அண்ணாச்சி. "வாங்கி வாங்கி இப்படிக் கெடக்கு. மிச்சமாக் குடுத்தா ஒருத்தரும் வாங்க மாட்டேங்காவ. டப்பா நெறஞ்சது, நானும் செல்லாதுன்னு சொல்ல ஆரம்பிச்சேன்."

"ஆரு வாங்க மாட்டேங்கா? பேரைச் சொல்லும் அண்ணாச்சி. நான் போயிக் கேக்கேன்."

அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். "வேண்டாம், விடு."

"சொல்லும்னா சொல்லும்."

"நீதான் தாயி" என்றார் அவர், தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டே. "போன சந்தையில ஆட்டுக்குத் தவிடு வாங்குன. மிச்சம் ஒரு காயின் குடுத்தேன். 'இத எவன் வாங்குவான்'னு மூட்டை மேலேயே எறிஞ்சிட்டுப் போன. அதுவும் இதுக்குள்ளதான் கெடக்கு."

டப்பாவுக்குள் ஒரு நாணயம் வெட்கப்படாமல் தும்மியது.

 அந்த நாள் சுடலைவடிவுக்கு நன்றாக ஞாபகம் வந்தது. எறிந்தது, அது மூட்டையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது, திரும்பிப் பார்க்காமல் போனது எல்லாம். காலையிலிருந்து ஊரெல்லாம் ஏசிக்கொண்டு திரிந்தவளுக்கு, இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கூசிப்போய் நின்றாள்.

சுருக்குப் பையிலிருந்து நாணயம் மெதுவாகச் சொன்னது. "அம்மா, அடுத்தவரைக் கண்டுபிடித்துவிட்டோம்."

அது கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் உறைத்தது.

சந்தையில் கடைகளை எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார்கள். கருவூல வாசல் கூப்பிடு தூரம்தான். போனால் லூர்துசாமி தாளைக் கொடுத்துவிடுவார், அவளுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.  கெஞ்சுவதற்கு இனி என்ன இருக்கிறது என்று நாணயம் வாயை மூடிக்கொண்டிருந்தது.

சுடலைவடிவு சட்டென்று சுருக்குப் பையை அவிழ்த்தாள். அன்று விற்றுக் கிடைத்த தாள்கள், வீட்டுக்கு அரிசி வாங்க வைத்திருந்த தாள்கள், எல்லாவற்றையும் எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தாள்.

"இதுக்கு உண்டான காயினை அள்ளும்."

"தாயி! பொறுமையா யோசிச்சுக்க. ஆரும் வாங்கலன்னா அம்புட்டும் உன் தலையில நிக்கும். உலை வைக்க அரிசி வேணும்லா?"

"நிக்கட்டும். காலையில இருந்து குடுக்கதுக்கே அலைஞ்சிருக்கேன் அண்ணாச்சி. ஊருல எல்லாரும் குடுக்கத்தான் நிக்காவ. வாங்குததுக்கு ஒருத்தி வேண்டாமா?"

அண்ணாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டப்பாவைக் கவிழ்த்தார். நாணயங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அவள் மடியை நிறைத்தன. அடியில் சில மட்டும் மிஞ்சின. அவற்றையும் அவரே வழித்து, "இது கொசுறு இல்ல, கணக்குதான்" என்று தட்டில் மிஞ்சியிருந்த தாளையும் எடுத்துக்கொண்டு கொடுத்தார்.

டப்பா காலியாகிவிட்டது. அவள் காலையில் வாங்கிய அந்த நாணயத்தைத் தனியே எடுத்து நீட்டினாள்.

"பத்து ரூபாய்க்குத் தவிடு போடும்."

அண்ணாச்சி டப்பாவை எட்டிப் பார்த்தார். சொல்வதற்கு ஒரு காரணமும் அதில் மிச்சமில்லை. நாணயத்தை வாங்கி டப்பாவில் போட்டார். அது விழுந்த சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

அதே நேரம் பால்காரர் மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தவிடு வாங்கினார். அண்ணாச்சி மிச்சத்தோடு அந்த நாணயத்தையும் எடுத்து நீட்ட, பால்காரர் கையைப் பின்னுக்கு இழுத்தார்.

"அண்ணாச்சி, டீக்கடையில..."

"ஆரும் வாங்கலன்னா எங்கிட்ட கொண்டாரும்" என்றாள் சுடலைவடிவு. "எந்தச் சந்தைன்னாலும் கருவூல வாசல்ல நான் இருப்பேன். இந்தா, மடி நெறைய வாங்கி வச்சிருக்கேன், பாரும். உம்ம ஒரு காசை வாங்க மாட்டனா?"

பால்காரர் அவள் மடியைப் பார்த்தார். இவ்வளவு வாங்கியவள் இன்னும் ஒன்றை வாங்கமாட்டாளா என்று தோன்றியிருக்க வேண்டும். நாணயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். போகிற வழியில் சாகுல் அமீதிடம் அதை நீட்டி, வாயில் வந்ததை அப்படியே சொன்னார்: "ஆரும் வாங்கலன்னா அந்த வெள்ளரிப்பிஞ்சுக்கார அக்கா வாங்கிக்கிடும்." சாகுல் அமீது வாங்கிக்கொண்டார். அடுத்து டீ குடித்தவரிடம் மிச்சம் கொடுக்கும்போது அவரும் அதையே சொன்னார்.

சுடலைவடிவு மடிக் காசோடு அரிசிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் முறைத்தார். அவளும் முறைத்தாள். அவள் சொன்ன வார்த்தை அவளுக்கு முன்பே அந்தக் கடைக்கு வந்து சேர்ந்திருந்தது. அரிசி கிடைத்தது.

கருவூல வாசலில் லூர்துசாமி மாற்றிக் கொடுப்பதற்காக அந்தக் கிழிந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தாள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் வரும்போதும் அதற்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் அரிசிப் பையும் தவிட்டுப் பையுமாக சுடலைவடிவு வந்தாள்.

"கொண்டாந்தியா?" என்றார் லூர்துசாமி.

"எத?"

"காலையில குடுத்த காயின."

"அது எங்க இருக்கோ அண்ணே, ஆரு கையில இருக்கோ. எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவள் நடையைக் கட்டினாள்.

 தாள் சிரித்துக்கொண்டே தன்னைத்தானே நாலாக மடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அது தன் இஷ்டத்துக்கு மடிந்தது அன்றுதான்.

லூர்துசாமி உள்ளே போய்ச் செய்தியைச் சொன்னார். ஐந்நூறு நம்பவில்லை. "நாமே இத்தனை தடவை உத்தரவு போட்டும் நடக்காத காரியம். இன்று உத்தரவு போட்டது யார்?" என்று அதட்டியது.

"உத்தரவெல்லாம் ஒண்ணும் இல்லீங்கய்யா" என்றார் லூர்துசாமி. "ஒரு அம்மா வாங்கிக்கிட்டாவ."