சாலையை அளந்த சவரக்கத்தி

முன்னொரு காலத்தில் ஒரு சிறுமி, மாட்டுவண்டி துள்ளியதில் நாக்கைக் கடித்துக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கியதும் தகப்பனைக் கேட்டாள்: "ராசா போறப்பவும் இப்படித்தான் குலுங்குமாப்பா?"

தகப்பன் அம்பலவாணர், அரசவை விகடகவி. மறுநாள் அந்தக் கேள்வியை அப்படியே சபையில் சொன்னார். பல்லக்கில் போகும் அரசருக்குக் குலுக்கல் ஏது? சுமப்பவர்களின் முழங்கால்கள் அல்லவா மேடுபள்ளங்களைத் தாங்கிக்கொண்டிருந்தன. அரசர், நெடுஞ்சாலை போட்ட அதிகாரி கஜபதியைப் பார்த்தார்.

"வேந்தே, சாலை சிரைத்த கன்னம் போல் வழவழவென்று இருக்கிறது," என்றார் கஜபதி. விகடகவிமேல் அவருக்கு நெடுநாள் பொறாமை. "இல்லையென்றால் இவரே அளந்து காட்டட்டும். நீளத்துக்குக் கோல் உண்டு, எடைக்குத் தராசு உண்டு. வழவழப்பை எதைக் கொண்டு அளப்பாராம்?"

அரசருக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. "நாளைக்குள் அளந்து சொல்லும், விகடகவியாரே. முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போய்விடும்."

மறுநாள் காலை அம்பலவாணர் ஒரு கட்டைவண்டியோடும் நாவிதர் மருதனோடும் வந்தார்.

"அதிகாரி சொன்ன கன்னத்தையே அளவாக வைத்துக்கொள்வோம், பிரபு. இங்கிருந்து சத்திரம் வரை வண்டி ஓடட்டும். மருதன் அவருக்குச் சவரம் செய்யட்டும். கத்தி எத்தனை முறை கன்னத்தை விட்டு எழுகிறதோ, அதுதான் கணக்கு."

மறுத்தால் சொன்னது பொய்யாகிவிடும். கஜபதி வண்டியில் ஏறி உட்கார்ந்து, மருதனிடம் பல்லைக் கடித்தபடி சொன்னார்: "ஒரு சொட்டு ரத்தம் வந்தால் உன் கையை வாங்கிவிடுவேன்." பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

எண்ணுவதற்காக வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்பலவாணருக்கு அது கேட்டது. தம் யுக்திக்கு இன்னொருவர் கை பணயமாகும் என்பதை அவர் நினைத்தே பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தார்.

"நிறுத்தினா உங்களைத்தானே நாட்டை விட்டு அனுப்பிருவாங்க. நீங்க எண்ணுங்க சாமி," என்று மருதன் மெல்லச் சொன்னார். கத்தியைத் திருப்பி, அதன் முதுகைக் கன்னத்தில் வைத்தார்.

சத்திரம் சேர்வதற்குள் கத்தி நூற்றுப் பதினேழு முறை எழுந்தது. தாடியில் ஒரு முடிகூடக் குறையவில்லை. இந்தக் குலுக்கலில் கத்தி எங்கே பிடிக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அரசர் சாலையைச் சீராக்கச் சொன்னார். மேடுகளைக் கொத்தி, பள்ளங்களில் சரளை நிரப்பி, தண்ணீர் தெளித்தார்கள். மாடுகள் கல் உருளையை இழுத்தன. மாதம் ஒருமுறை அதே வண்டி, அதே கன்னம். நாற்பது வந்தது; பிறகு பதினொன்று; கடைசியில் மூன்று. அன்றுதான் மருதன் கத்தியின் கூர்ப்பக்கத்தை வைத்தார். கஜபதி பளபளக்கும் முகத்தோடு இறங்கினார்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கஜபதி, இப்போதுதான் உமது சொல்லும் முகமும் ஒன்றாயின. விகடகவியாரே, வேண்டியதைக் கேளும்."

"மீந்த சரளையில் நான்கு வண்டி, பிரபு."

"பொன் கேட்கத் தெரியாத மனிதரய்யா நீர்," என்று சொல்லி, சிரித்துக்கொண்டே கொடுத்தார் அரசர்.

மருதன் வீட்டுச் சந்து நெடுஞ்சாலைக் கணக்கில் சேராதது. மழை பெய்தால் முழங்கால் சேறு. ஊரே தேர் பார்க்கப் போயிருந்த ஒரு பகலில், அம்பலவாணர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அங்கே கூடை கூடையாகச் சரளையைக் கொட்டினார். கட்டையால் அடித்து இறுக்கினார். மருதனின் வாசல்படி வரை வந்ததும், குனிந்து உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.