நீவாட்டில் விட்ட முட்டைகள்

அந்தக் காலத்தில் மீனும் காற்றும் தண்ணீரும் ஒரே பேச்சுப் பேசின. கடலுக்குள் ஓடும் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். அப்போதெல்லாம் நீவாடு வருஷம் முழுக்க வடக்கே மட்டும்தான் போகும். திரும்பிப் பார்க்காது.

மடவை மீன் முகத்துவாரத்துக்காரி. உப்பும் சரி, நன்னீரும் சரி, அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும். முட்டையிடுவது மட்டும் ஆற்றங்கரைக் கோரைக்குள்.

ஓர் ஐப்பசியில் ஆறு பெருகி, அவள் சிநேகிதி கெண்டையைக் கூட்டத்தோடு கடலுக்குள் அள்ளிக்கொண்டு போனது. வயிறு நிறையச் சினையோடு மடவை பின்னாலேயே ஓடினாள்.

ஆற்றுத் தண்ணீர் கனமில்லாதது. கஞ்சிமேல் ஆடை மாதிரி உப்புத் தண்ணீர்மேல் மிதந்தது. அந்த ஆடைக்குள்தான் கெண்டைகள் உயிரோடு இருந்தன. நீவாடு அதை வடக்கே இழுத்துக்கொண்டிருந்தது.

அப்போது வடக்கேயிருந்து வாடைக்காற்று கிளம்பியது. அலை சுருண்டு எழுந்தது. ஆற்றில் பயம் வந்தால் கெண்டை அடிச்சேற்றில் போய்ப் புதையும். அந்தப் புத்தியில் ஒன்று கீழே பாய்ந்தது. சேறு இல்லை, உப்புதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை வயிறு தெரிய மேலே வந்தது.

“கீழே போகாதக்கா,” என்றாள் மடவை. “இங்கே அடி கிடையாது.”

“மேலே காற்று கிழிக்குதேடி. நாங்க வேற எங்கே போக?”

மடவை நீவாட்டிடம் போனாள். “அண்ணே, காற்று தெற்கே தள்ளுது, நீ வடக்கே இழுக்கிறே. நடுவுல நன்னீர் கிழியுது. கொஞ்சம் திரும்பேன்.”

“திரும்பிப் பழக்கமில்லை.”

“ஒரு தடவை.”

“யாருக்காகத் திரும்பணும்? ஆற்றுக்குப் பிள்ளைகள் உண்டு, பாறைக்கு உண்டு. என் மேல எல்லாரும் சவாரி போறாங்க. என்கிட்ட யாரு பிறந்தாங்க?”

மேலே ஆடை ஓரத்தில் பிய்ந்தது. இன்னும் இரண்டு வெள்ளை வயிறுகள் மிதந்தன.

மடவை கோரைக்குள் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். மிதந்த வயிறுகளைப் பார்த்தாள். பிறகு, “என் பிள்ளைகளை வச்சுக்க,” என்று முட்டை முழுவதையும் நீவாட்டில் விட்டாள்.

நீவாடு நின்றது. அதுவரை அது நின்றதே இல்லை.

“இவ்வளவு சின்னதா இருக்கே. உடைஞ்சிடாதா?”

“காற்றோட மெதுவாப் போனா உடையாது.”

மெல்ல, மிக மெல்ல, நீவாடு தெற்கே திரும்பியது. ஆடை மேலும் பிய்யாமல் கரையோரமாக வழுக்கிக்கொண்டு வந்தது. முகத்துவாரம் கண்டதும் மிச்சமிருந்த கெண்டைகள் ஆற்றுக்குள் பாய்ந்தன.

“உள்ளே வாடி,” என்றாள் கெண்டை.

மடவை போகவில்லை. “என் பிள்ளைகளை எப்போ அனுப்புவே?” என்று நீவாட்டைக் கேட்டாள்.

“வளர்ந்ததும்.”

“எப்போ வளரும்?”

“எனக்கென்ன தெரியும்? முன்னே பின்னே பிள்ளை வளர்த்தவனா நான்?”

அன்று முதல்தான் வாடை பிறந்ததும் நீவாடு தெற்கே திரும்புகிறது, சினை மடவைகள் ஆற்றை விட்டுக் கடலுக்குப் போகின்றன. முகத்துவாரத்தில் மடவை தண்ணீருக்கு மேலே எட்டி எட்டித் துள்ளுவதும், பிள்ளைகள் வருகிறார்களா என்று பார்க்கத்தான்.