மாசானம் ஷெல் ஆன கதை

விளாத்திகுளம் போகிற சாலையில் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே மாசானம், எட்வின், பரமகுரு என்று மூன்று பேர் கம்ப்யூட்டர் படித்தார்கள். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். வேறு குறை கிடையாது.

கடைசி வருஷம் அவர்களுக்கு வந்த புராஜெக்ட், ஷெல். அதாவது கட்டளையை வாங்கி, செய்கிறவனிடம் ஒப்படைத்து, அவன் முடித்துவந்து சொல்லும்வரை காத்திருக்கிற புரோகிராம். ஞானசெல்வி மேடம் தெளிவாகத்தான் விளக்கினார்.

"எழுதறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு வேலையா நடிச்சுப் பாருங்க. ஒண்ணு முடியாம அடுத்த கட்டளையை வாங்கக் கூடாது. வெளியே போன்னு சொன்னா மட்டும் ஷெல்லே போகணும், வேற ஆளை அனுப்பக் கூடாது. சாயங்காலம் நான் லேபைப் பூட்டறதுக்குள்ள காட்டணும். இல்லைன்னா ஃபெயில்."

மாசானம் ஏற்கெனவே இரண்டு முறை அந்தப் பாடத்தில் ஃபெயிலானவன். இந்த முறையும் போனால் உப்பளத்தில் மூட்டை தூக்க வேண்டும் என்று அவன் அப்பா சொல்லியிருந்தார்.

அவன்தான் ஷெல் ஆனான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "டாலர்" என்றான். கட்டளைக்குத் தயார் என்று திரையில் டாலர் குறி வருமே, அதற்குப் பதில்.

"உறங்கு, பத்து நொடி," என்று எட்வின் கட்டளை கொடுத்தான். மாசானம் அதைப் பரமகுருவிடம் ஒப்படைத்தான். பரமகுரு பெஞ்சில் படுத்துக் கண்ணை மூடினான். உறக்கம் வரவில்லை. மதியம் ஆயிற்று.

"ஃபேனைப் போட்டா உறக்கம் வரும்லே," என்றான் கண்ணைத் திறக்காமல்.

"அது தனிக் கட்டளை. நீ முடிக்காம நான் எப்படி வாங்குவேன்?" என்றான் மாசானம்.

"பேசாதீங்கலே. பேசினா எப்படி உறங்க முடியும்?" என்றான் எட்வின்.

அது நியாயம் என்று மூவருக்கும் பட்டது. ஒருவழியாகப் பரமகுரு உறங்கினான். பத்து நொடி போயும் எழவில்லை. எழுப்புவதும் தனிக் கட்டளை ஆயிற்றே. ஓடுகிற வேலையை நிறுத்தக் கண்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்று எட்வினுக்கு நல்லவேளையாக ஞாபகம் வந்தது. கீபோர்டைப் பரமகுருவின் நெஞ்சில் வைத்து, முழங்கையால் அழுத்தினான். பரமகுரு எழுந்துவிட்டான்.

"டாலர்," என்றான் மாசானம்.

சாயங்காலம் சாவியோடு மேடம் உள்ளே வந்தார். "புரோகிராம் எங்கே?"

"கட்டளை தெரியவில்லை," என்றான் மாசானம், தெரியாத கட்டளைக்கு ஷெல் சொல்கிறபடியே. "டாலர்."

மேடம் வாசலைக் காட்டி, "வெளியே போ" என்றார்.

மாசானத்தின் முகம் மலர்ந்தது. யாரையும் அனுப்பாமல் தானே எழுந்து போனான்.

மற்ற இருவரும் அசையவில்லை. மேடம் அவர்களையும் போகச் சொன்னார்.

"ஷெல் போயிட்டுது மேடம்," என்றான் எட்வின் வருத்தமாக. "கட்டளை வாங்க ஆள் இல்லை."

மேடம் வராந்தாவுக்குப் போய் மாசானத்தைக் கூப்பிட்டுப் பார்த்தார். மூடின ஷெல் எப்படிப் பேசும்? பொறுமையிழந்து அவன் தோளில் இரண்டு தட்டு தட்டியதும், மவுசால் டபுள் கிளிக் செய்ததுபோல் திறந்துகொண்டான். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "டாலர்" என்றான்.

"முதல்ல அந்த ரெண்டு பேரையும் வெளியே அனுப்பு."

மாசானம் பரமகுருவிடம் ஒப்படைத்தான். பரமகுரு எட்வினைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே போனான். முடித்ததைச் சொல்ல வேண்டுமே. திரும்பி உள்ளே வந்தான்.

"ரெண்டு பேரும் வெளியே போயிட்டோம்," என்றான்.

"டாலர்," என்றான் மாசானம்.

மேடம் அதே கட்டளையை மறுபடி கொடுத்தார். எட்வின் வெளியே நின்றதால், பரமகுரு அவனை உள்ளே கூட்டிவந்தான்; பிறகு இருவருமாக வெளியே போனார்கள். முடித்ததைச் சொல்லப் பரமகுரு மறுபடி உள்ளே வந்தான்.

லேபை இன்னும் பூட்டவில்லை. ஆகவே மாசானம் இன்னும் ஃபெயிலாகவில்லை.