பந்தலுக்குப் பின்பக்கம்

"ஏம்மா, நான்தான் குருன்னு ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

தில்லைவனம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்லத்தான் கேட்டார். பாதி கோபம், பாதி அழுகை.

குரு மீனலோசனி அம்மா சமையல் கொட்டகையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

முன்னால் பந்தலில் ஊரே காத்திருந்தது. யானை, ரெட்டை நாதஸ்வரம், பூரண கும்பம், ஆளுயர மாலை. எல்லாம் தில்லைவனத்தின் ஏற்பாடு. ரிட்டயரான தமிழ் வாத்தியார், கேட்க வேண்டுமா? புது ஆசிரமத்தை யார் பொறுப்பில் விடுவது என்று அம்மா இன்றைக்குச் சொல்வதாக இருந்தது. தன்னை விட்டால் வேறு ஆள் ஏது என்று இவருக்கு நினைப்பு.

அதனால்தான் மைக்கைப் பிடித்தவர் விடவே இல்லை. ஞானப் பேரரசி. அருட்பெருங்கடல். கோடி சூரியப் பிரகாசமாய், கோலாகலமாய்ப் பவனி வரும் தெய்வத் திருவுரு.

திருவுரு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது. கையில் துணிப்பை.

"வாசலுக்குத்தான் வந்தேன். பேட்ஜ் குத்தின ஒருத்தர், 'இது பேரரசி வர்ற வழிம்மா, பின்பக்கமா போங்க'ன்னார். வந்தேன்."

"வந்து?"

"ஒரு பலகையைப் போட்டாங்க. வெங்காயத்தைக் கொட்டினாங்க."

அடுப்படியிலிருந்து சமையல்காரி பேச்சி குரல் கொடுத்தாள். "வாத்தியாரே, அங்க என்ன குசுகுசுன்னு? அந்த அக்காவைக் கிளப்பிடாதீங்க. சாமி வந்ததும் இலை போடணும். உங்க மைக்கு சூட்டுல சாம்பார் கொதிக்காது!"

அம்மா சிரித்துவிட்டார்.

தில்லைவனத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "எழுந்திருங்கம்மா. யானை நிக்குது. நான் போய் இவங்கதான்னு அறிவிச்சிடறேன்."

"வேண்டாம். சனங்க ஏமாந்துடும்."

"அம்மா!"

"காலையிலேருந்து நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பிரமாதமா சொல்றீங்க வாத்தியாரே. எனக்கே அந்தம்மாவை ஒரு தடவை பார்த்துடணும்னு ஆசை வந்துடுச்சு."

தில்லைவனம் நின்றார். கைத்துண்டால் முகத்தைத் துடைத்தார். பந்தலில் நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்.

கேட்காமல் போக மனசு வரவில்லை.

"அப்போ... ஆசிரமப் பொறுப்பு? யாருக்குன்னு இன்னிக்குச் சொல்றதா..."

"நானா?" அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அதை யாருக்காகக் கட்டினீங்களோ, அவங்கதானே சொல்லணும். வந்ததும் கேட்டுக்குங்க."