சிடிப் பெட்டிக்கு வைத்த பரீட்சை

மில் முதலாளி நஞ்சப்பன், சிடியை ஓட்டுவதற்கென்றே தனிப் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டார். "பழைய பிளேயர்லயும் இதே சத்தந்தானுங்களே?" என்று விருந்தாளிகள் முன்னால் மச்சான் கேட்டதுதான் வினை.

"காதை வெச்சே பிரிச்சுச் சொல்றேன் பாரு!" என்று வேலைக்காரி மருதாயியைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினார். "நான் சொல்றப்பல்லாம் பழசுக்கும் புதுசுக்கும் ஒயரை மாத்திக் குத்தோணும். தப்பாப் போச்சுன்னா சீட்டைக் கிழிச்சிருவேன்!"

ஐயாவின் காது தோற்றாலும் பழி அவள் கைமேல்தான் விழும்.

"மாத்து!" பாட்டு நின்று மறுபடி கேட்டது. "ஆகா, இது புதுசு! வீணைத் தந்தி கண்ணுக்கே தெரியுது."

"மாத்து!" மறுபடி நின்று கேட்டது. "சே, பழசு! வெறும் தகர டப்பா."

விருந்தாளிகள் தலையாட்டினார்கள்.

"சரியாச் சொன்னனா, மருதாயி?"

அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "சீட்டைக் கிழிச்சிருவேன்னீங்களே, ஐயா... பயத்துல பாட்டை நிறுத்தி நிறுத்திப் போட்டனுங்க. ஒயர்ல கையே வெக்கலீங்க."